வெயில் பட்டால் பேசும் அத்தை

ஃபாம்யின், தென்தீவு, ஃபேரோ
4 அக்டோபர் 1992

அன்புத் தங்கை பிர்னாவுக்கு,

இங்கே நானும் உன் அண்ணியும் மிச்சமிருக்கும் ஆடுகளும் ஒருவரை ஒருவர் சகித்துக்கொண்டு சௌக்கியம். கனடாவில் நீயும் உன் முழங்காலும் சண்டையில்லாமல் இருக்கிறீர்களா?

போன வாரம் நாம் ரேடியோவில் பேசியதற்கான கார்டு இத்துடன். தேதி, நேரம், உன் குரல் எனக்குக் கேட்ட லட்சணத்துக்கு மதிப்பெண் எல்லாம் போட்டிருக்கிறேன். ஐந்து ஒன்பது. முழு மார்க். "அண்ணன் தங்கச்சி பேசினதுக்கு அத்தாட்சி வேற வேணுமாக்கும்!" என்கிறாள் எல்ஸ்பா. கல்யாணமான நாளாய் நான் சொன்னதுக்கெல்லாம் கார்டு வைத்திருந்தால் இவளிடம் எத்தனை வழக்கில் ஜெயித்திருப்பேன்!

கிளாக்ஸ்விக் ரேஜின் வந்திருந்தான். படகு ரேடியோக்களைப் பழுது பார்க்கிறவன், வலது காது மந்தம், உனக்குத் தெரியும். அந்தக் கிழட்டுச் செயற்கைக்கோளுக்கு நாம் ஏன் கத்ரினா அத்தை பேர் வைத்தோம் என்று கேட்டான். சொன்னேன்: "அதோட பேட்டரி எப்பவோ செத்துப் போச்சுடா. வெயில் மேல பட்டாத்தான் வாயத் திறக்கும். நாம என்ன சொல்றோமோ அதையே ஊருக்கெல்லாம் திருப்பிச் சொல்லும். எங்க அத்தையும் அதேதான்." ரேஜின் சிரித்துச் சிரித்து எல்ஸ்பாவின் ருபார்ப் ஜாமைச் சட்டையில் கொட்டிக்கொண்டான்.

அத்தையிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். நான் பேசியது மேலே போய், வாத்துக் குரலில் எனக்கே திரும்பி வருகிறது பார், அப்போதுதான் அவள் விழித்திருக்கிறாள் என்று தெரிகிறது. தற்பெருமைக்காரனுக்கு இதைவிட என்ன சொர்க்கம்? அப்புறம் கிரீன்லாந்துக்கு மேலே அவள் நம் இருவரையும் சேர்த்துப் பார்க்கும் அந்தக் கொஞ்ச நிமிஷம். உன் குரல். உன் வீட்டுக்காரர் கார்டன் போன பிறகு அந்தச் சுரங்க ஊரில் நம் பாஷை பேச உனக்கு ஆளில்லை என்றாய். நான் இருக்கிறேனே, ஊருக்கே அடங்காத வாய்.

ஊர் நிலவரம்: மீன் ஆலையைப் பூட்டிவிட்டார்கள். வேலை செய்யாமலே களைப்பாக இருக்கிறது. லுப்பா பாறையிலிருந்து விழுந்து செத்து ஒரு வருஷம் ஆகிறது, இன்னும் வேறு நாய் வாங்க மனசு வரவில்லை. நானே குரைத்து ஆடு ஓட்டுகிறேன். பாதிரியாரின் படகு வராததால் மூன்று ஞாயிறாகக் கோயிலில் பிரசங்கம் வாசித்ததும் நான்தான். அதில் தொண்டை கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. பாவிகளைத் திட்டிய பாவம்.

அண்ணியின் அன்பும் என் கரகரப்பும்,
ஹானுஸ்


தாம்சன், மானிடோபா
8 நவம்பர் 1992

அன்புள்ள அண்ணா,

முழங்கால் விசாரித்ததற்கு நன்றி சொல்லச் சொன்னது. அண்ணிக்கு என் முத்தம். உன் தொண்டைக்கு ஆட்டுக் கொழுப்பும் சூடான பீரும், அம்மா கொடுப்பாளே, அதைக் குடி.

கெட்ட செய்தி. பனிமழை பெய்து ஆன்டெனா முழுக்க ஐஸ் பிடித்து, கம்பத்தோடு கொட்டகை மேல் சாய்ந்துவிட்டது. பக்கத்து வீட்டு வாசில், "இந்தக் குளிர்ல ஏறினா என்னைக் கம்பத்தோட சேத்துத்தான் இறக்கணும், ஏப்ரல்ல பாத்துக்கலாம்மா" என்கிறார். ஆக, வசந்தம் வரை நான் ஊமை, செவிடு இரண்டும்.

அது சாய்வதற்கு முன் கடைசியாக அத்தை வந்த அன்று நீ என்ன செய்தாய்? வாயால் பேசாமல் டொக்கு டொக்கென்று மோர்ஸ் தட்டினாய். தொண்டை சரியில்லை என்று தட்டியே சொன்னாய். அண்ணா, கோபித்துக்கொள்ளாதே, தட்டினால் அது நீ இல்லை. அது யாராகவும் இருக்கலாம். ஜப்பான்காரனும் அப்படித்தான் தட்டுகிறான். எனக்கு வேண்டியது உன் வாய். நான் கடையில் இங்கிலீஷ் பேசுகிறேன், மகளோடு டெலிபோனில் இங்கிலீஷ் பேசுகிறேன், போன வாரம் கனவில்கூட இங்கிலீஷ். விழித்து அழுதேன். சிரிக்காதே.

ஏப்ரலில் கம்பம் நிமிரும். அதுவரை அந்தக் குரலைப் பத்திரமாக வைத்திரு. ஒரே ஒரு வேண்டுகோள்தான், மறுக்காதே.

உன்
பிர்னா


ஃபாம்யின்
13 டிசம்பர் 1992

அன்புள்ள பிர்னாவுக்கு,

எல்லாரும் நலம். 'எல்லாரும்' என்பதில் என் தொண்டையைச் சேர்க்கவில்லை. அது தனிக் குடித்தனம் போய்விட்டது.

டோர்ஷாவ்ன் டாக்டர் ஒரு கண்ணாடிக் குச்சியை உள்ளே விட்டு வெகுநேரம் பார்த்தார். என் வாய்க்குள் அவ்வளவு ஆர்வமாக யாரும் பார்த்ததில்லை, பார்த்தால் இத்தனை நாள் மூடச் சொல்லியிருப்பார்கள். கோபன்ஹேகனில் சின்னத் தச்சு வேலை ஒன்று செய்யவேண்டுமாம், உடனே புறப்படு என்கிறார். நான் சொன்னேன்: "டாக்டரே, ஏப்ரல்ல எங்க அத்தையப் பாக்க வேண்டியிருக்கு. அது முடிஞ்சதும் வந்துடறேன்." அவர், "உங்க அத்தை காத்திருப்பாங்க" என்றார். "அவங்க காத்திருக்க மாட்டாங்க டாக்டர், அவங்க நிமிஷத்துக்கு நானூறு கிலோமீட்டர் போவாங்க" என்றேன். மனிதர் சிரிக்கவில்லை. டென்மார்க்கில் படித்தவர்.

கிறிஸ்துமஸ் நடன ஒத்திகைக்குப் பாட்டு எடுத்துக் கொடுக்க இந்த வருஷமும் என்னைத்தான் கூப்பிட்டார்கள். பத்தாவது அடியிலேயே குரல் கீழே விழுந்துவிட்டது. வட்டத்தில் இருந்தவர்கள் தாளம் தப்பாமல் எனக்காக ஆடிக்கொண்டே காத்திருந்தார்கள். நான் எடுக்கவில்லை. ஸாமல் எடுத்தான், அவனும் அவன் சுதியும்! எல்ஸ்பா என் கையை விடவில்லை. வழக்கமாக என் காலை மிதிப்பாள், அன்றைக்கு அதுவும் இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

விடு. ஏப்ரல்.

பண்டிகை வாழ்த்துகளுடன்,
ஹானுஸ்


தாம்சன்
17 ஜனவரி 1993

அன்புள்ள அண்ணா,

புத்தாண்டு வாழ்த்து. முழங்கால், மூட்டு, மூக்கு எல்லாம் உறைந்து நலம்.

அதென்ன தச்சு வேலை? டான்சிலா? நம் அப்பாவும் அறுபது வயதில் அதை எடுத்துக்கொண்டு ஒரு வாரம் ஐஸ்கிரீம் சாப்பிட்டார். போ, எடுத்துக்கொள், ஆனால் ஏப்ரலில் வாயோடு வந்து சேர். டெலிபோன் செய்தேன். அண்ணி எடுத்து, நீ படகுக் கொட்டகையில் இருக்கிறாய் என்றாள். இரண்டாம் தரமும் கொட்டகை. அங்கே குடியேறிவிட்டாயா? அண்ணி குரலும் ஒரு மாதிரி இருந்தது. உங்களுக்குள் சண்டையா? ஊர்க்காரர்கள் சொல்வதைக் கேட்டு நான் நம்பமாட்டேன், நீயே எழுது.

கணக்குப் போட்டுவிட்டேன். ஏப்ரல் இரண்டாம் ஞாயிறு, உங்கள் மாலை வெயிலில், அத்தை கிரீன்லாந்தின் தென்முனையைத் தாண்டுவாள். உனக்கு மேற்கே கடல்மட்டத்தில், எனக்குக் கிழக்கே சுரங்கப் புகைபோக்கிக்குப் பக்கத்தில். உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். கடிதத்தில் கேட்கமாட்டேன். அதற்கு உன் குரலில்தான் எனக்குப் பதில் வேண்டும்.

அந்த நாளுக்காகத்தான் காலையில் எழுந்திருக்கிறேன் என்று சொன்னால் மிகைப்படுத்துகிறேன் என்பாய். மிகைதான். ஆனாலும் எழுந்திருக்கிறேன்.

அன்புடன்,
பிர்னா


ஃபாம்யின்
21 பிப்ரவரி 1993

நண்பன் ரேஜினுக்கு,

கிளாக்ஸ்விக்கில் உன் வீட்டார் நலமா? நான் நலமில்லை. இதை நான் எழுதிச் சொல்கிற ஒரே ஆள் நீ, அதனால் பத்திரமாகப் படித்துவிட்டு அடுப்பில் போடு.

தொண்டையில் இருப்பது புற்று. நவம்பரிலேயே சொல்லிவிட்டார்கள். குரல்பெட்டியை எடுத்துவிட்டால் ஆள் பிழைக்கலாம், குரல் போகும் என்றார்கள். ஏப்ரலில் ஒரு தரம் பிர்னாவோடு பேசிவிட்டு வருகிறேன் என்று தள்ளிப்போட்டேன். புத்திசாலி என்று நினைத்துக்கொண்டேன். போன வாரம் மாடிப்படியில் மூச்சு நின்று, எல்ஸ்பா என்னைச் சாக்கு மூட்டை மாதிரி இழுத்தாள். இனி ஏப்ரல் கிடையாது. வெள்ளிக்கிழமை கோபன்ஹேகன்.

ஆகவே உன் டேப் ரெக்கார்டர் வேண்டும். மைக் இருக்கும் இடத்தில் அதை மாட்டும் கம்பியும். ஏப்ரலில் நான் பேசவேண்டியதை இப்போதே பேசிப் பதியப்போகிறேன். பைத்தியம் என்று சொல்லாதே, எல்ஸ்பா ஏற்கெனவே சொல்லியாயிற்று. பிர்னா என்ன பேசுவாள் என்று எனக்குத் தெரியாதா? நான் கூப்பிட வேண்டியது. இடைவெளி. அவள், "அண்ணா, கேக்குதா?" என்று கத்துவாள். உடனே நான்: "கேக்குதுடி, ஐந்து ஒன்பது!" இடைவெளி. அவள் ஆன்டெனா புராணம் பாடுவாள். நான்: "ஸாமல் பாடினதக் கேட்டு ரெண்டு ஆடு குட்டிய ஈத்துடுச்சு." இடைவெளி. இனி நிச்சயம் குளிரைப் பற்றிப் புலம்புவாள். நான் நன்றாகச் சிரித்துவிட்டு: "அதெல்லாம் பழகிப் போயிடும்டி! அத்தை மறையறா. எழுபத்து மூணு!" அவ்வளவுதான், எழுபத்து மூணு என்று ரேடியோ வணக்கம் சொல்லி முடித்தாயிற்று. அத்தை கொடுக்கிற அவகாசமே அவ்வளவுதான். நீளமான உரையாடல் என்றால் நானே மாட்டிக்கொள்வேன்.

அவளிடம் ஏன் உண்மையைச் சொல்லவில்லை என்பாய். கார்டன் செத்து வருஷம் திரும்பவில்லை. அவளுக்கு அங்கே நம் பாஷை என்றால் அது என் தொண்டைதான். அந்தக் கடையையும் அடைத்துவிட்டேன் என்று எப்படியடா எழுதுவது? குளிர்காலம் போகட்டும்.

சிரிப்பு மட்டும் சரியாக வரமாட்டேன் என்கிறது. ஒத்திகையில் ஏழு தரம் முயன்றேன். ஏழாவது பரவாயில்லை, அதையே பதிகிறேன்.

உன்
ஹானுஸ்


தாம்சன்
18 ஏப்ரல் 1993

அண்ணாவுக்கு,

நலம். நீயும் நலம் என்று காதாரக் கேட்டேன்.

மூன்று மாதம் ஒரு வரி போடாதவன் சரியாக வந்து நின்றாய். கம்பம் நிமிர்ந்து, வாசில் கீழே நின்று கைதட்டி, காதில் உன் குரல் விழுந்ததும் ஹெட்போனை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டேன். கொஞ்சம் கரகரப்பு, ஆனால் நீதான். ஸாமலின் ஆடு விஷயம் கேட்டுச் சிரித்தேன். நேரம் போகிறதே என்று, கேட்க நினைத்ததைக் கேட்டேன்: "அண்ணா, என்னால இங்க தனியா முடியல. வீட்ட வித்துட்டு அங்க வந்துடட்டுமா?"

நீ சிரித்தாய்.

வாய் விட்டுச் சிரித்து, "அதெல்லாம் பழகிப் போயிடும்டி" என்றாய். அத்தை மறைகிறாள் என்றாய். அவள் மறையவில்லை அண்ணா, இன்னும் கொஞ்ச நேரம் இருந்தாள். ஏதோ ஒரு மடையன் நம் இடத்தில் வந்து டொக்டொக்கென்று தட்ட ஆரம்பித்தான். நான் ரேடியோவை அணைத்துவிட்டேன்.

சரி. புரிந்தது. மீன் ஆலை மூடிக் கிடக்கிறது, ஊரே டென்மார்க்குக்குக் கப்பலேறுகிறது, இதில் நான் வேறு வந்து உங்கள் கழுத்தில் உட்காருவானேன். கேட்டிருக்கக் கூடாது. கார்டு தனியாக அனுப்புகிறேன், வழக்கம் வழக்கம்தான்.

அண்ணிக்கு விசாரிப்பு.
பிர்னா


ஃபாம்யின்
3 மே 1993

அன்புள்ள பிர்னாவுக்கு,

வா.

நலம் விசாரிப்பதற்கு முன்னாலேயே எழுதிவிட்டேன், வா. மாடி அறை காலியாக இருக்கிறது. என் பழைய ரேடியோக்களை எடுத்துவிட்டால் கட்டில்கூடத் தெரியும். அன்றைக்கு நீ கேட்டது என் காதில் சரியாக விழவில்லை. அத்தை சாயும் நேரம், இரைச்சல். குளிரைப் பற்றி ஏதோ சொல்கிறாய் என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். அண்ணன் மடையன், ஆனால் கல்நெஞ்சன் இல்லை.

டெலிபோன் செய்யாதே, லைன் சரியில்லை. கடிதம் போடு. புறப்படு.

உன் அண்ணன்,
ஹானுஸ்


தாம்சன்
16 மே 1993

அண்ணாவுக்கு,

முழங்கால் நலம். மற்றதைக் கேட்காதே.

காதில் விழவில்லையா? எனக்கு ஐந்து ஒன்பது கொடுத்தாயே! ஒரு சொல் சிந்தாமல் கேட்கிறது என்று நீயே மார்க் போட்டுவிட்டு, கேள்வி வந்ததும் செவிடாகிவிட்டாயா? பார்க்கிறவனுக்கெல்லாம் முழு மார்க் போடுகிறவர்களை நீதானே 'முதலை' என்பாய்? வாய் மட்டும் பெரிசு, காது கிடையாது என்று. இப்போது யார் முதலை?

எனக்குத் தெரியும், அண்ணி பக்கத்தில் நின்று, "பாவம், எழுதிப் போடுங்க" என்றிருப்பாள். பேனாவால் யார் வேண்டுமானாலும் வா என்று எழுதலாம். கிறிஸ்துமஸ் கார்டில் எல்லாரும்தான் எழுதுகிறார்கள்.

வீட்டை வாங்க ஒருவர் வந்திருக்கிறார். ஜூன் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். ஜூன் இருபதாம் தேதி அத்தை மறுபடி அதே வழியில் வருகிறாள். நீ உன் வாயால் "வா" என்று சொல். ஒரே சொல். அதைக் கேட்டால் வருகிறேன். கேட்காவிட்டால் இங்கேயே இருந்து, பழகிக்கொள்கிறேன்.

பிர்னா


ஃபாம்யின்
30 மே 1993

ரேஜினுக்கு,

நலமா? என் கழுத்தில் இப்போது ஒரு ஓட்டை. இதன் வழியாகப் பைப் புகைக்கலாமா என்று நர்ஸிடம் எழுதிக் காட்டி வாங்கிக் கட்டிக்கொண்டேன். அடுப்பை அணைத்தாயிற்று, ஆனால் பொறி கூரைக்குப் போய்விட்டது என்கிறார் டாக்டர். இலையுதிர் காலத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ஏப்ரலில் நடந்ததைக் கேள். டேப் ஓடுகிறது, நான் குமிழைத் திருப்பிக்கொண்டே ஹெட்போனில் கேட்கிறேன். பிர்னா குளிரைப் பற்றிப் பேசவில்லை. வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டாள். அழுகிற குரல். நான் டேப்பை நிறுத்தக் கையை நீட்டுவதற்குள் என் சிரிப்பு புறப்பட்டுப் போய்விட்டது. மேலே போய், அத்தையைத் தொட்டு, திரும்பி என் காதுக்கே வந்தது. அந்த ஏழாவது சிரிப்பு. அப்படி ஒரு அயோக்கியச் சிரிப்பை நான் கேட்டதில்லை. கம்பியைப் பிடுங்கிவிட்டு மோர்ஸ் சாவியைப் போட்டுத் தட்டினேன், "வா, வா" என்று. அவள் அணைத்துவிட்டாளாம். யாரோ மடையன் தட்டினான் என்று எழுதியிருக்கிறாள்.

இப்போது வாயால் "வா" சொல் என்கிறாள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று மூன்று கடிதம் எழுதிக் கிழித்தேன். அவள் வாழ்நாள் முழுக்க எண்ணிப் பார்ப்பாளடா, தான் எதை எழுதினாள், அதற்காக நான் எதைத் தள்ளிப்போட்டேன் என்று. அவள் இங்கே வந்து சேரட்டும். முகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொள்கிறேன். எழுதிக்காட்டிக்கொள்கிறேன்.

ஆடு, மழை, ஸாமல் எல்லாவற்றையும் பதிந்துவைத்த எனக்கு, அந்த ஒரு சொல்லைப் பதியத் தோன்றவில்லை. உன்னிடம் ஒரு டேப் இருக்கிறது, மூன்று வருஷத்துக்கு முன் மலையில் ஆடு ஓட்டியபோது விளையாட்டாக எடுத்தாயே. அதில் நான் லுப்பாவைக் கூப்பிடுவேன்: "வா, வா, வா!" எல்ஸ்பா சொல்கிறாள், "நாயக் கூப்பிட்ட வாயால தங்கச்சியக் கூப்பிடறதா?" வேறு வாய் என்னிடம் இல்லை.

அந்த மூன்று 'வா'வை மட்டும் வெட்டி அனுப்பு. இடது காதால் கேட்டு வெட்டு.

ஹானுஸ்


தாம்சன்
22 ஜூன் 1993

என் அண்ணாவுக்கு,

நலமா என்று கேட்கக் கை வரவில்லை.

முந்தாநாள் கேட்டேன். "வா, வா, வா!" கணீரென்று, பத்து வயது குறைந்த குரல். ஒரு கணம் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். வாசிலைக் கட்டிக்கொள்ளப் போனேன். அப்போது அந்தச் சத்தத்தின் வாலில் ஒரு குரைப்பு கேட்டது. பாதிக் குரைப்பு, பாதி இருமல்.

வேறு நாய் வாங்கிவிட்டாயா என்று நினைக்கப் பார்த்தேன். முடியவில்லை. நானும் கார்டனும் அங்கே வந்திருந்தபோது அந்த நாய் என் கால்மாட்டில்தான் படுக்கும். அந்த இருமல் எனக்குத் தெரியும். லுப்பா செத்து இரண்டு வருஷம் ஆகப்போகிறது அண்ணா.

அப்புறம் எல்லாம் ஒன்றொன்றாக வந்தது. கேள்விக்குப் பொருந்தாத சிரிப்பு. டெலிபோனை எடுக்காத நீ. தச்சு வேலை. ஏப்ரலில் தட்டிய மடையன்.

மைக்கில் சொன்னேன், உனக்குக் கேட்டிருக்கும்: "அண்ணா, நீ அங்க இருந்தா தட்டு. நான் எழுதிக்கறேன்." தட்டினாய். மெதுவாக, இடையிடையே விட்டு விட்டு. நான் பிடித்தது இது: "வாய் இல்லை. காது மட்டும். முதலை இல்லை. வா." நான் பதில் சொல்லச் சொல்ல என் குரல் எனக்குத் திரும்பி வருவது நின்றுவிட்டது. அத்தை போய்விட்டாள். என் பதில் உன்னிடம் வந்ததா?

வரவில்லை என்றால் இதோ: வருகிறேன். நேற்று வீட்டுக்குக் கையெழுத்துப் போட்டேன். ஆகஸ்டில் வருகிறேன். நீ பேசவேண்டாம். நான் பேசுகிறேன், நீ தட்டு, மேஜையில், சுவரில், என் தலையில், எங்கே வேண்டுமானாலும். நான் எழுதினேனே, தட்டினால் அது நீ இல்லை என்று. அதை அழித்துவிடு. அது நீதான். தட்டியதிலேயே நீதான் தெரிந்தாய்.

வருகிறேன், வருகிறேன்,
பிர்னா


ஃபாம்யின்
11 ஜூலை 1993

பிர்னாவுக்கு,

தந்தி கிடைத்திருக்கும். எனக்கு அவரைப் போல எழுத வராது.

ஜூலை இரண்டாம் தேதி போனார். உன் கடிதம் ஆறாம் தேதி வந்தது. பிரித்துப் படித்தேன். மன்னித்துக்கொள்.

ஜூன் இருபதாம் தேதி படகுக் கொட்டகையிலிருந்து அவரை ரேஜினும் நானும் கைத்தாங்கலாக அழைத்து வந்தோம். சிலேட்டில் எழுதினார், "அவ பதில் சொல்றதுக்குள்ள அத்தை போயிட்டா." மறுநாளும் அதையேதான் எழுதினார். கடைசி வாரம் தினமும் தபால்காரரைப் பற்றிக் கேட்டார், கையால் தொப்பி மாதிரி செய்து காட்டுவார். நான் தலையாட்டுவேன், இல்லை என்று.

ரேஜின் அழுதுகொண்டே இருக்கிறான். குரைப்பு தன் காதில் விழவில்லை என்கிறான். விழாதது நல்லது என்று சொல்லிவிட்டேன்.

அடக்கத்துக்கும் பாதிரியாரின் படகு வரவில்லை. ஸாமல்தான் வாசித்தான். சுமாராக வாசித்தான். இவர் இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார்.

படகுக் கொட்டகையில் உன் நவம்பர் கடிதத்தை ஆணியில் மாட்டி வைத்திருந்தார். ரேடியோவுக்கு நேர் மேலே. போன குளிர்காலம் முழுக்க அது அங்கேதான் இருந்திருக்கிறது. இப்போதுதான் எடுத்துப் படித்தேன். அதைப் பற்றி நான் எதுவும் எழுதப் போவதில்லை.

உனக்காக ஒரு கார்டு பூர்த்தி செய்து வைத்திருந்தார், இத்துடன் இருக்கிறது. ஏப்ரல் தொடர்பு செல்லாது, ஒரு பக்கம் ஆள் இல்லை, உன் ரேடியோ நோட்டில் கோடு போட்டு அடித்துவிடு என்று எழுதியிருக்கிறார். ஜூன் தொடர்புக்கு ஐந்து ஒன்பது போட்டிருக்கிறார். பக்கத்தில், 'இந்த முறை நிஜம்.'

மாடி அறையைச் சுத்தம் செய்துவிட்டேன். நீ வருவதென்றால் வரலாம்.

எல்ஸ்பா


தாம்சன்
22 ஆகஸ்ட் 1993

அன்புள்ள அண்ணிக்கு,

நீங்கள் நேரத்துக்குச் சாப்பிட்டுத் தூங்கி நலமாக இருக்க வேண்டும். என் முழங்காலைப் பற்றி இனி யாரும் கேட்க வேண்டியதில்லை.

வீடு கைமாறிவிட்டது. சலவைக் கடைக்கு மேலே ஒரு அறையில் இருக்கிறேன். விமான டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். "வரலாம்" என்று எழுதியிருந்தீர்கள். அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். நீங்கள் நல்லவர், அறையைச் சுத்தம் செய்திருக்கிறீர்கள். ஆனால் அந்த ஆணி அங்கேதானே இருக்கும் அண்ணி? நான் அதற்கு எதிரில் உட்கார்ந்து உங்களோடு காபி குடிக்க முடியாது. உங்களாலும் முடியாது. நீங்கள் எழுதவில்லை, எனக்குக் கேட்டது.

ஏப்ரலை நோட்டில் அடிக்கவில்லை. அவன் சொல்லி நான் கேட்காத ஒரே விஷயம் அதுவாக இருக்கட்டும் என்று எழுத நினைத்தேன், உடனே சிரிப்பு வந்துவிட்டது, அவன் சொன்னதில் நான் எதைத்தான் கேட்டேன்? வாய் மட்டும் பெரிசு எனக்கு.

டேப்பை ரேஜினிடமே இருக்கச் சொல்லுங்கள். எனக்கு அனுப்ப வேண்டாம்.

நேற்று அத்தை வந்தாள். இங்கே கம்பம் கிடையாது, சின்ன ஆன்டெனாவைக் கையில் பிடித்துக்கொண்டு ஜன்னலில் நின்றேன். வெயில் இருந்தது. கிரீன்லாந்து பக்கம் திருப்பிக் கூப்பிட்டேன், பழக்க தோஷம். அவள் விழித்துத்தான் இருந்தாள். அண்ணன் சொல்வானே, பேசியது வாத்துக் குரலில் நமக்கே திரும்பி வரும் என்று. வந்தது. நம் பாஷையில். இந்த ஊரில் நம் பாஷை பேச இன்னொரு ஆள் இருக்கிற மாதிரி, ஒரு மூச்சு தள்ளி.

"கேக்குதா?" என்றேன்.

"கேக்குதா?" என்றது.

உங்கள் நாத்தனார்,
பிர்னா